ரயிலடியில் நிற்கும் பிள்ளை



பிறந்த மண்ணை விட்டு, பிழைப்பை நாடி வெளிமாநிலங்களில் வாழும் தமிழர்களாகிய நாம், ஒருவரையொருவர் முதன்முதலாகச் சந்திக்கும்போது தவறாமல் கேட்டுக்கொள்ளும் கேள்விகள் இரண்டு. "எந்த ஊர்?" என்பது முதற்கேள்வி. "இங்கே முதலில் யார் வீட்டில் வந்து இறங்கினீர்கள்?" என்பது அடுத்த கேள்வி. இந்த இரண்டாவது கேள்விக்கு விடை சொல்லத் தெரியாதவர் நம்மில் அநேகமாக இல்லை. தில்லி கரோல்பாகில் சிற்றப்பா மகனுடைய ஒற்றையறை என்பார் ஒருவர். மும்பை மாதுங்காவில் உணவு விடுதியின் மாடி என்பார் மற்றொருவர். தாராவியில் அத்தை வீடு என்றும், கொல்கத்தா லேக் மார்க்கெட்டில் அப்பாவின் நண்பர் வீடு என்றும் விடைகள் வரும். அந்த முதல் இடத்தில் பாய் ஒன்றும் சோறு ஒரு வேளையும் கிடைத்ததால்தான் நாம் இன்று நாலு பேர் மதிக்கும்படி நிற்கிறோம். அந்த இடம் இல்லாதிருந்தால் நம் கதை எப்படி ஆகியிருக்கும் என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. எண்ணிப் பார்க்க வேண்டிய தேவை நேர்ந்ததில்லை.

முற்காலத்தில் நம் ஊர் வீடுகளில் திண்ணை என்று ஒன்று இருந்தது. வீட்டார் உள்ளே தாழிட்டு உறங்குவர். திண்ணையில் படுத்திருப்பவன் யாரென்று அவர்கள் கேட்பதில்லை. பொழுது விடிந்ததும் அவன் எழுந்து தன் வழியே போய்விடுவான். மணிமேகலைக் காப்பியத்தில் வரும் ஆபுத்திரனை நாம் அறிவோம். பெற்றவள் கைவிட்டாள், வளர்த்தவர் துரத்தினார், ஊரார் தூற்றினர். அந்த இளைஞன் மதுரைக்கு நடந்துவந்து, சிந்தாதேவி கோயிலின் முன்னிருந்த அம்பலத்தில் படுத்து உறங்கினான். அமுதசுரபி அவன் கைக்கு வந்தது அதற்குப் பிறகு. முதலில் அவனுக்குக் கிடைத்தது ஓர் அம்பலம். படுக்க ஓரிடம் கிடைத்த பின்னரே மற்றவை எல்லாம் கிடைத்தன என்பதை இக்கதையில் நாம் கவனிக்க வேண்டும்.

இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் இதுவே. வீட்டை விட்டு வெளியேறியோ, வீட்டிலிருந்து வெளியேற்றப்பட்டோ, அந்நிய நகரத்தின் ரயிலடியில் வந்து நிற்கும் சிறுவர் சிறுமியருக்கும் இளைஞருக்கும் அரசின் செலவில் இருக்கும் தற்காலிகப் புகலிடங்கள் எவை, அவை எவ்வாறு இயங்குகின்றன, அங்கே நமக்கு என்ன வேலை என்பவற்றைக் காண்போம்.

ரயிலடி என்று நாம் சொல்வதற்குக் காரணம் உண்டு. ரயில்வே பாதுகாப்புப் படையினர் 2018 முதல் 2024 மே மாதம் வரையில் நாடெங்கும் நிலையங்களிலும் வண்டிகளிலும் கண்டெடுத்து மீட்ட பிள்ளைகளின் எண்ணிக்கை 84,119. 2018 ஆம் ஆண்டில் மட்டும் 17,112 பேர். இவர்களில் 13,187 பேர் தாமே வீட்டை விட்டு ஓடிவந்தவர்கள். கூட்டத்தில் தவறிப்போனவர்களும், விட்டுச்செல்லப்பட்டவர்களும், கடத்தப்பட்டவர்களும் ஏனையோர். அதாவது, நான்கு பிள்ளைகளைக் கண்டால் அவர்களில் மூவர் தம் கால்களாலேயே வீட்டு வாசலைத் தாண்டியவர்கள். இக்கணக்கு, படையினர் கண்ணில் பட்டவர்களைப் பற்றியது மட்டுமே.

இனி, எங்கள் வீட்டில் நிகழ்ந்த ஒரு பிழையைச் சொல்ல வேண்டும். பிறர் பிழையைச் சொல்லி அறிவுரை கூறுவதைக் காட்டிலும் தம் பிழையைச் சொல்வது பயன் தரும் என்பது எங்கள் கருத்து.

2013 ஆம் ஆண்டு தை மாதம். தில்லியின் குளிர் எத்தகையது என்பதை இங்கிருப்போர் அறிவர். தமிழகத்திலிருந்து வரும் உறவினரை அழைத்துவர நாங்கள், கணவன் மனைவி இருவரும், ரயில் நிலையத்துக்குச் சென்றிருந்தோம். நடைமேடையின் கோடியில், தேநீர்க் கடைக்குப் பின்னால், ஒரு பையன் அரைக்கைச் சட்டையுடன் ஒடுங்கி உட்கார்ந்திருந்தான். பதினான்கு வயதிருக்கும். கடைக்காரர் இந்தியில் அதட்டியபோது அவன் முணுமுணுத்த சொல் தமிழாக இருந்தது. அது காதில் விழுந்ததும் எங்கள் கால்கள் நின்றுவிட்டன. வெளியூரில் தமிழ்ச்சொல் ஒன்று செவியில் பட்டால் நமக்கு எழும் பரிவை விளக்கிச் சொல்ல வேண்டுவதில்லை.

வீட்டுக்கு அழைத்துவந்தோம். வெந்நீர் வைத்துக் குளிக்கச் செய்து, சோறு போட்டு, கம்பளி கொடுத்தோம். மூன்று நாட்கள் எங்களுடன் இருந்தான். பேச்சுக் குறைவு. என் செய்யப் போகிறாய் என்று கேட்டபோது, "ஊருக்குப் போறேன்" என்றான். அவன் சொன்ன ஒரு தொலைபேசி எண்ணில் அவன் தந்தையுடன் பேசினோம். அவர் மிகவும் மரியாதையாகப் பேசினார்; எங்களுக்குக் கோடி நன்றி சொன்னார். நாங்கள் பயணச்சீட்டு வாங்கிக் கொடுத்து, வழிச்செலவுக்குப் பணமும் ஒரு பொட்டலம் புளியோதரையும் கையில் தந்து, வண்டியேற்றி அனுப்பினோம். அவன் ஊர் சேர்ந்த செய்தியும் வந்தது. அன்றிரவு நாங்கள் நிம்மதியாக உறங்கினோம். நல்லதொன்று செய்தோம் என்ற பெருமிதமும் இருந்தது.

பத்து நாட்கள் கழித்து அவன் தாய் எங்களுக்குத் தொலைபேசியில் பேசினார். அடக்கிய குரலில், யாரும் கேட்டுவிடக் கூடாதென்ற அச்சத்தோடு பேசினார். "பையன் அங்க வந்தானாங்க?" என்பதே அவர் கேள்வி. வீடு சேர்ந்த அன்றைக்கே அவனுக்கு அடி விழுந்ததாம். எலும்பு முறிந்ததாகச் சொன்னார். கட்டு அவிழ்க்கும் முன்பே மறுபடியும் போய்விட்டானாம். அவர் கேட்ட கேள்விக்கு எங்களிடம் விடை இல்லை. இன்றளவும் இல்லை.

பின்னாளில் அவன் பேசிய சில சொற்களை நாங்கள் ஒவ்வொன்றாக நினைவுபடுத்திப் பார்த்தோம். அவன் மூன்று நாட்களிலும் "ஊருக்கு" என்றானே தவிர, ஒரு முறையேனும் "வீட்டுக்கு" என்று சொல்லவில்லை. தமிழில் ஊர் வேறு, வீடு வேறு. மொழிபெயர்ப்பையே பிழைப்பாகக் கொண்டவர்களின் காதிலேயே அந்த வேற்றுமை விழவில்லை. அவன் ஏன் வந்தான் என்று நாங்கள் கேட்கவில்லை; எங்கே போகிறாய் என்று மட்டுமே கேட்டோம். பயணச்சீட்டைப் பரிவென்று எண்ணிவிட்டோம்.

நேயர்களே, நாங்கள் கேட்கத் தவறிய அந்தக் கேள்வியைக் கேட்பதற்கென்றே நம் நாட்டில் ஒரு சட்டமும், அதன்வழி அமைந்த ஓர் ஏற்பாடும் உள்ளன. அன்று எங்களுக்கு அவற்றைப் பற்றிய தெளிவான அறிவு இருக்கவில்லை.

இத்தகைய சட்டத்துக்கு இந்தியாவில் முதன்முதலில் வித்திட்ட மாகாணம் சென்னை என்பதை நாம் பெருமையுடன் நினைவுகூரலாம். 1920 ஆம் ஆண்டின் சென்னைக் குழந்தைகள் சட்டமே இத்துறையில் முதலாவது. வங்காளம் 1922 இலும், பம்பாய் 1924 இலும் பின்தொடர்ந்தன. நாடு முழுமைக்கும் உரிய சட்டம் 1986 இல் வந்தது. அது 2000 இல் மாற்றி எழுதப்பட்டது. இப்போது நடைமுறையில் இருப்பது 2015 ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம். அது 2016 சனவரி 15 முதல் செயலுக்கு வந்தது. பதினெட்டு வயது நிறையாத ஒவ்வொருவரையும் இச்சட்டம் குழந்தை என்றே கொள்கிறது. மீசை அரும்பிய பதினேழு வயது இளைஞனும் இதில் அடக்கம்.

திக்கற்று நிற்கும் பிள்ளையைக் கண்டால், பயண நேரம் நீங்கலாக இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவின்முன் கொண்டுவர வேண்டும் என்பது விதி. தலைவர் ஒருவரும் உறுப்பினர் நால்வரும் கொண்டது அக்குழு. அவர்களில் ஒருவரேனும் பெண்ணாக இருத்தல் வேண்டும். பிள்ளையைக் கொண்டுவருபவர் காவலராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. பொதுநல நாட்டமுள்ள எந்தக் குடிமகனும் கொண்டுவரலாம். மருத்துவரோ செவிலியரோ கொண்டுவரலாம். பிள்ளை தானே வந்து நிற்கவும் சட்டம் இடமளிக்கிறது. குழு கூடாத வேளையில் அதன் உறுப்பினர் ஒருவர்முன் நிறுத்தினாலும் போதும். தனியே நிற்கும் குழந்தையைக் கண்டும் இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் தெரிவிக்காமல் இருப்பதைச் சட்டம் குற்றமாகவே கருதுகிறது. எங்கள் வீட்டில் அந்தப் பையன் மூன்று நாட்கள் இருந்தான் என்பதை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அன்புதான் காரணம் என்றாலும், இன்றைய சட்டத்தின் கண்ணில் அது பிழையே.

குழு அப்பிள்ளையை எங்கே தங்கவைக்கும்? இங்கேதான் திறந்த புகலிடம் என்ற அமைப்பு வருகிறது. குறுகிய காலத்துக்குத் தங்க இடம் வேண்டியிருக்கும் பிள்ளைகளைக் கொடுமையிலிருந்து காப்பதும், தெருவாழ்க்கையிலிருந்து விலக்குவதும் இதன் நோக்கங்கள் என்று சட்டம் கூறுகிறது. இதனை மாநில அரசு தானே நடத்தலாம். தொண்டு நிறுவனங்களின் வாயிலாகவும் நடத்தலாம். குற்றம் சாட்டப்பட்ட சிறுவர்களை வைக்கும் கூர்நோக்கு இல்லம் வேறு, இது வேறு. இரண்டையும் ஒன்றெனக் குழப்பிக்கொண்டு, "பாவம், பிள்ளையைச் சிறையில் போட்டுவிடுவார்கள்" என்று அஞ்சுவோர் நம்மிடையே பலர். அந்த அச்சத்தால்தான் நாங்களும் அன்று காவலரை அணுகவில்லை.

புகலிடத்தில் முதலில் நடப்பவை எளிய காரியங்கள். குளியல், மாற்றுடை, உணவு, மருத்துவப் பரிசோதனை, உறக்கம். அதன்பின் ஆற்றுப்படுத்துநர் ஒருவர் பேச்சுக்கொடுக்கிறார். பிள்ளை முதல் நாள் ஒரு பெயரைச் சொல்லும். நான்காம் நாள் தன் உண்மைப் பெயரைச் சொல்லும். அதற்கு அவகாசம் தருவதே புகலிடத்தின் பயன். இதற்கிடையில் பிள்ளையின் குடும்ப நிலையை ஆராய்ந்து, சமூக விசாரணை அறிக்கை ஒன்று ஆயத்தம் செய்யப்படும். இதற்குச் சட்டம் வகுத்த காலம் பதினைந்து நாட்கள். முதன்முதல் குழுவின்முன் நிறுத்திய நாளிலிருந்து நான்கு மாதங்களுக்குள் இறுதி ஆணை பிறக்க வேண்டும். பெற்றோரிடம் சேர்ப்பதே முதன்மையான குறிக்கோள். ஆனால், சேர்க்கும் வீடு பிள்ளைக்குத் தகுந்ததா என்பதைத் தெரிந்துகொண்டு சேர்க்க வேண்டும். வெளிமாநிலத்துப் பிள்ளையானால், சிறார்க்கெனத் தனியே அமைந்த காவற்பிரிவின் துணையோடு அவன் சொந்த மாவட்டத்துக் குழுவிடம் ஒப்படைப்பார்கள். பெண்பிள்ளையானால் பெண் காவலர் உடன் செல்வார். நாங்கள் ஒரு பயணச்சீட்டோடும் புளியோதரையோடும் முடித்துவிட்ட காரியத்துக்கு இத்தனை படிகள் இருக்கின்றன. ஒவ்வொரு படியும், யாரோ ஒரு பிள்ளைக்கு நேர்ந்த தீங்கிலிருந்து கற்றுக்கொண்ட பாடம் என்றே நாங்கள் இப்போது எண்ணுகிறோம்.

இதற்கான செலவை யார் ஏற்கிறார்கள் என்று கேட்கலாம். 2009-10 இல் ஒருங்கிணைந்த குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமாகத் தொடங்கி, இன்று மிஷன் வாத்சல்யா என்று பெயர் பெற்றிருக்கும் திட்டத்தின்கீழ், பெரும்பாலான மாநிலங்களில் மத்திய அரசு நூற்றுக்கு அறுபதும், மாநில அரசு நாற்பதும் தருகின்றன. வடகிழக்கு, இமயமலை மாநிலங்களில் மத்திய அரசின் பங்கு தொண்ணூறு. ஆக, தில்லியிலோ புனேயிலோ ஒரு தமிழ்ப் பிள்ளை உண்ணும் சோற்றில் நாம் செலுத்தும் வரிப்பணமும் கலந்திருக்கிறது. அது யாரும் இடும் பிச்சை அன்று.

நிற்க. இத்தனை ஏற்பாடும் ஒரு நூலிழையில் தொங்குகிறது. அந்த நூலிழை, மொழி. எங்களுக்கு நேர்ந்த மற்றோர் அனுபவம் இதனை விளக்கும்.

2019 ஆம் ஆண்டில் ஒரு நாள், எங்கள் நண்பர் வழியாக அழைப்பொன்று வந்தது. ஒரு புகலிடத்தில் தமிழ்ச் சிறுவன் ஒருவன் இருக்கிறான். அவன் பேசுவது யாருக்கும் விளங்கவில்லை. வரமுடியுமா என்று கேட்டனர். 2013 ஆம் ஆண்டின் கடன் எங்கள் தலைமேல் இருந்தது. உடனே சென்றோம். பதின்மூன்று வயதுப் பையன். தமிழகத்தின் தென்மாவட்டங்களிலிருந்து, பெற்றோருக்கு முன்பணம் கொடுத்துச் சிறுவர்களை வெளிமாநிலங்களில் முறுக்குச் சுடும் இடங்களுக்குக் கொண்டுசெல்லும் வழக்கம் ஒன்று உண்டு என்பதை நேயர்கள் செய்தித்தாள்களில் படித்திருப்பீர்கள். அத்தகைய ஓரிடத்திலிருந்து தப்பி, முதலில் வந்த வண்டியில் ஏறித் தில்லிக்கு வந்து சேர்ந்தவன் அவன். இந்த விவரம் அப்போது அங்கிருந்த ஒருவருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது.

வீட்டார் தொலைபேசி எண்ணைக் கேட்டபோது, தனக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே எண்ணை அவன் எழுதிக் கொடுத்திருக்கிறான். அந்த எண்ணுக்கு உரியவர் மறுநாளே வந்துவிட்டார். கண்ணியமான தோற்றம், கையில் பழங்கள், அடையாளச் சான்றும் இருந்தது. "இவர் யார்?" என்று சைகையால் கேட்டதற்குப் பையன், "மாமா" என்றான். இந்தியிலும் மாமா என்றால் தாயின் உடன்பிறந்தவர்தான். ஆகவே, அங்கிருந்தவர்கள் மனநிறைவோடு அதனைக் குறித்துக்கொண்டனர். இரத்த உறவினர் வந்துவிட்டார். பையனும் உறுதி செய்கிறான். குழுவின்முன் நிறுத்தி, அவரிடம் ஒப்படைப்பதா என்று முடிவு செய்ய வேண்டியதுதான் பாக்கி.

அவர்களைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. அகராதியைப் புரட்டினாலும் அதே பொருள்தான் கிடைக்கும். ஆனால், தமிழ்ப் பிள்ளைக்கு எத்தனை மாமாக்கள்! தெருவில் போகிறவர் மாமா, கடைக்காரர் மாமா, வாடகை வாங்க வருபவரும் மாமா. எங்கள் வீட்டு அம்மையார் அவன் அருகே தரையில் உட்கார்ந்து, மெல்லக் கேட்டார்:

"எந்த மாமாப்பா? அம்மாகூடப் பொறந்தவரா?"

"இல்லக்கா. கம்பெனி மாமா."

"கம்பெனி மாமான்னா?"

"அவருதான் கூட்டிட்டு வந்தாரு. அப்பாக்கு இருபதாயிரம் குடுத்திருக்காரு. கழியற வரைக்கும் போகக் கூடாதாம்."

இதை நாங்கள் இந்தியில் சொல்லி முடித்தபோது அந்த அறையில் சற்று நேரம் பேச்சில்லை. பழக்கூடையுடன் வந்தவர் வெளியே காத்திருந்தார். பையனை அவரிடம் ஒப்படைக்கவில்லை. அவர்மேல் வழக்கு பதிவாயிற்று. பையன் காவலர் துணையுடன் அவன் மாவட்டத்துக் குழுவிடம் அனுப்பப்பட்டான். பள்ளியில் சேர்ந்திருப்பதாக ஒரே ஒரு முறை எங்களுக்குத் தகவல் வந்தது. அதற்குமேல் விசாரிப்பது முறையன்று என்று நாங்கள் விட்டுவிட்டோம்.

ஒரு சொல்லின் பொருள் தெரியாமற் போயிருந்தால், சட்டப்படி எல்லாம் ஒழுங்காக நடந்தேறி, அந்தப் பிள்ளை எண்ணெய்ச் சட்டியின் முன் திரும்பவும் நிறுத்தப்பட்டிருப்பான். சட்டத்தால் அந்த இடைவெளியை முழுவதும் நிரப்ப இயலாது, நம்மால் இயலும்.

இனி, பதினெட்டு வயது நிறைந்தவர்களைப் பற்றிச் சில சொற்கள். பதினேழு வயது வரையில் திறந்திருந்த கதவு, பிறந்த நாளன்று சாத்தப்படுமானால் அது பெருங்கொடுமை. இல்லங்களில் வளர்ந்து பதினெட்டு நிறைந்து வெளியேறுவோருக்கு இருபத்தொரு வயது வரையில் பிற்காப்பு உதவி உண்டு. தனி நேர்வுகளில் அதனை இருபத்துமூன்று வரை நீட்டிக்கவும் மிஷன் வாத்சல்யாவின் 2022 ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகள் இடமளிக்கின்றன. அந்நெறிகள் குறித்துள்ள தொகை மாதம் 4,000 ரூபாய். ஆனால் இவ்வுதவி இல்லத்தில் இருந்தவர்களுக்கே உரியது. பத்தொன்பது வயதில் முதன்முறையாக வீட்டை விட்டு வந்து நிற்பவர் என்ன செய்வார்?

பெண்ணாயின், வன்முறைக்கு ஆளானவருக்கு 2015 முதல் சகி என்னும் ஒருங்கிணைந்த உதவி மையங்கள் இயங்குகின்றன. அங்கே ஐந்து நாட்கள் வரையில் தங்கலாம். மருத்துவ உதவியும் சட்ட உதவியும் ஒரே இடத்தில் கிடைக்கும். அழைக்க வேண்டிய எண் 181. ஆண்பிள்ளையாயின், வீடற்றோருக்கான நகர்ப்புறத் தங்குமிடங்களே உள்ளன. 2013 இல் தொடங்கிய தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கம், மக்கள்தொகை ஒரு லட்சத்துக்கு நூறு பேர் தங்கும் இடமும், ஒருவருக்கு ஐம்பது சதுர அடிப் பரப்பும் வேண்டும் என்று அளவுகோல் வகுத்தது. தில்லியில் இவற்றை நகர்ப்புறத் தங்குமிட மேம்பாட்டு வாரியம் நடத்துகிறது. குளிர்காலத்தில் இவை உயிர் காக்கும் இடங்கள் என்பதில் ஐயமில்லை. எனினும், அங்கே கிடைப்பது படுக்கை. ஏன் வந்தாய், இனி என்ன செய்யப் போகிறாய் என்று உட்கார்ந்து கேட்பார் அரியர். பதினெட்டைத் தாண்டிய இளைஞருக்கும் அந்த இரண்டு கேள்விகளைக் கேட்கும் புகலிடங்கள் பெருக வேண்டும் என்பது எமது விண்ணப்பம்.

புகலிடங்கள் எல்லாம் குறையற்றவை என்று நாம் சொல்லவில்லை. பீகாரில் முசாபர்பூரில் ஓர் இல்லத்தில் சிறுமியருக்கு இழைக்கப்பட்ட கொடுமைகள் 2018 இல் வெளிவந்து நாட்டையே தலைகுனியச் செய்தன. 2020 இல் தில்லி நீதிமன்றம் குற்றவாளிகளைத் தண்டித்தது. அக்கொடுமையை வெளிக்கொணர்ந்தது டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தினர் நடத்திய தணிக்கை. மூன்று மாதங்களுக்கு ஒரு முறையேனும் இல்லங்களைக் குழுவாகச் சென்று பார்வையிட வேண்டும் என்று சட்டம் சொல்வது இதனால்தான். வெளியார் கண் படாத இடத்தில்தான் தீமை வளர்கிறது. ஊரார் எட்டிப் பார்க்கும் இல்லத்தில் பிள்ளைகள் பாதுகாப்பாக இருப்பர். குறையுண்டு என்பதற்காகப் புகலிடமே வேண்டா என்று ஒதுங்கிவிடுவோமானால், பிள்ளைக்கு எஞ்சுவது நடைமேடை ஒன்றுதான்.

இறுதியாக, நாம் செய்யக்கூடியவற்றை வகுத்துச் சொல்லி முடிக்கிறோம்.

முதலாவது, 1098 என்ற எண்ணை நினைவில் வைப்பது. பத்து, ஒன்பது, எட்டு என்று இறங்குவரிசையில் வருவதால் சிறு பிள்ளைகளும் மறவார். 1996 இல் மும்பையில் டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தின் முயற்சியாகத் தொடங்கிய இந்த உதவி அழைப்பை, 2023 முதல் அரசே ஏற்று, 112 என்ற அவசர எண்ணுடன் இணைத்து நடத்துகிறது. இரவோ பகலோ, கட்டணமின்றி அழைக்கலாம். ரயிலில் கண்டால் பாதுகாப்புப் படையினரிடம் சொல்லலாம். 139 ஐயும் அழைக்கலாம். பெரிய நிலையங்கள் பலவற்றில் குழந்தைகள் உதவி மேசையும் உண்டு.

இரண்டாவது, பிள்ளையைத் தனியே வண்டியேற்றி அனுப்பாதிருப்பது. "நம் கடையில் நின்று பழகட்டும், நம் வீட்டில் கைவேலைக்கு இருக்கட்டும்" என்று வைத்துக்கொள்வதும் கூடாது. அடைக்கலம் கொடுத்த கையே வேலை வாங்கத் தொடங்கினால், அந்தப் பிள்ளை முறையிட வேறு இடம் இல்லை.

மூன்றாவது, படம் எடுக்காதிருப்பது. "இந்தச் சிறுவனை யாருக்காவது தெரியுமா?" என்று கைப்பேசிக் குழுக்களில் படத்தைப் பரப்புவது நல்லெண்ணத்தில் செய்யப்படுவதே. ஆயினும், பாதுகாப்பு வேண்டி நிற்கும் குழந்தையின் பெயரையும் படத்தையும் வெளியிடுவதைச் சட்டம் தடை செய்கிறது. ஆறு மாதம் வரை சிறையும் இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. அந்தப் படம் கம்பெனி மாமாவின் கைப்பேசிக்கும் போய்ச் சேரும் என்பதை எண்ணிப் பார்த்தால், தடையின் நியாயம் விளங்கும்.

நான்காவதே தலையாயது. நம் மொழியைக் கொடுப்பது. போக்சோ சட்டத்துக்குரிய 2020 ஆம் ஆண்டு விதிகளின்படி, ஒவ்வொரு மாவட்டத்திலும் குழந்தைகள் பாதுகாப்பு அலகு மொழிபெயர்ப்பாளர்களின் பதிவேடு ஒன்றை வைத்திருக்க வேண்டும். நீங்கள் வாழும் மாவட்டத்தின் அலகுக்குச் சென்று, "எமக்குத் தமிழ் தெரியும், இந்த வட்டார மொழியும் தெரியும், தேவைப்படும்போது அழையுங்கள்" என்று பெயர் கொடுங்கள். தமிழ்ச் சங்கங்கள் ஆண்டுதோறும் பொங்கல் விழாவும் இசை விழாவும் நடத்துகின்றன. அவற்றோடு, இரவில் அழைத்தாலும் வரக்கூடிய நான்கு பேரின் பெயர்ப்பட்டியல் ஒன்றையும் அருகிலுள்ள புகலிடத்தில் கொடுத்துவைக்கலாம். பட்டம் பெற்றவர்தான் வேண்டும் என்பதில்லை. எங்கள் வீட்டு அம்மையார் மொழிபெயர்ப்பாளர் அல்லர். தரையில் உட்கார்ந்து, "எந்த மாமாப்பா?" என்று கேட்க அவருக்குத் தெரிந்திருந்தது. அவ்வளவே.

எங்கள் அடுக்குமாடி வீட்டில் திண்ணை இல்லை. உங்கள் வீடுகளிலும் இருக்காது. ஊரில் வழிப்போக்கருக்கு விட்டுவைத்த அந்த இடத்தை இன்று அரசு நகரத்தின் ஏதோவொரு தெருவில் அமைத்திருக்கிறது. அதன் முகவரியை நாளைக்கே விசாரித்துத் தெரிந்துகொள்வோம். அங்கே படுத்திருக்கும் பிள்ளை தமிழில் ஏதேனும் முணுமுணுத்தால், அது ஊரா, வீடா என்று கேட்டுச் சொல்வதற்கு நம்மில் ஒருவர் அருகில் இருப்போம்.